எட்டைக் கழித்தல்

இசக்கி மூன்றாவது பந்தையும் வேலிக்கு வெளியே அனுப்பியபோது பாளையங்கோட்டை மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் எழுந்து கத்தினார்கள். மெஹருன்னிசா மட்டும் கத்தவில்லை. கத்தக் கூடாது என்பது அவளுடைய வேலை நிபந்தனைகளில் ஒன்று. நெல்லை அணியின் ஆட்டக்காரிகள் உட்காரும் நீள பெஞ்சின் கடைசியில், மடியில் டேப் என்கிற கைக்கணினியை வைத்துக்கொண்டு, நல்ல பிள்ளையாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மைதானத்துப் பலகையில் கணக்குச் சொல்லும் கம்பெனி அவளுக்குச் சம்பளம் தருவது அதற்குத்தான். காலால் மட்டும் தரையை இரண்டு தட்டு தட்டிக்கொண்டாள். காலைப் பற்றி நிபந்தனையில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

ஒரே ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன். தென்னகப் பெண்கள் பேஸ்பால் லீக் தொடங்கிய பன்னிரண்டு வருஷத்தில் மூன்று அடித்தவர்கள் இவளையும் சேர்த்து ஏழு பேர். நான்கு அடித்தவர் ஒருத்தியும் கிடையாது. அமெரிக்காவில் நூறு வருஷத்துக்கு மேலாக ஆடுகிறார்கள். அங்கேயே நான்கு அடித்தவர்களை எண்ணி முடிக்க இரண்டு பேருடைய கைவிரல் கால்விரல் போதும்.

பெஞ்சில் இதைப் பற்றி ஒருத்தியும் மூச்சு விடவில்லை. சொன்னால் கண் பட்டுவிடும். இசக்கி வந்து உட்கார்ந்ததும் ஒருத்தி தண்ணீர் கொடுத்தாள், ஒருத்தி துண்டு கொடுத்தாள், இருவருமே முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார்கள். இழவு வீட்டில்கூட இத்தனை மரியாதை கிடைக்காது.

மைதானத்துப் பெரிய பலகைக்குத்தான் அந்த நாசூக்கெல்லாம் தெரியவில்லை. ‘இசக்கி, நான்காவது ஹோம் ரன்: இல்லை’ என்று எழுதிவிட்டு நிதானமாக மினுக்கிக்கொண்டிருந்தது. நான்காவதைப் படமெடுக்க இப்போதே போனைத் தூக்கியவர்கள் அதைப் படித்துவிட்டுக் கையை இறக்கினார்கள்.

பலகைக்குப் பின்னால் இருந்த இயந்திரத்துக்குக் கம்பெனி நீளமாக ஏதோ பெயர் வைத்திருந்தது. நெல்லையில் யார் வாயிலும் அது நுழையவில்லை. சோழி உருட்டிப் பலன் சொல்கிறவன் மாதிரிதானே இதுவும் சொல்கிறது என்று எவனோ சோழி என்றான், அது ஒட்டிக்கொண்டது. ழ வராத வாய்கள் சோலி என்றன. அதுவும் பொருத்தம்தான். சோழி ஒன்றைச் சொல்லிவிட்டால் சோலி முடிந்தது என்றுதான் அர்த்தம்.

ஏனென்றால் அது தப்பாகச் சொன்னதில்லை. நூற்றுக்கு முப்பது வாய்ப்பு என்றால், நூறு முறை பார்த்தால் முப்பது முறை நடந்திருக்கும். ஊகமே கிடையாது என்பதுதான் கம்பெனியின் பெருமை. மட்டை வரிசையில் எந்த இடத்தில் ஆடுகிறவள், எத்தனையாவது முறை மட்டை பிடிக்கிறாள், எதிரில் பந்து வீசுகிறவள் யார் என்று பார்த்து, அதே நிலைமையில் இதுவரை நடந்ததையெல்லாம் கூட்டிச் சொல்லும்.

முதலில் எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. ‘இன்று நான்கு ஹோம் ரன்: 4,00,000-ல் 1’ என்று பலகை சொன்னால் ஜனங்கள் விசிலடித்தார்கள். அப்புறம் கிளப்காரர்கள் விசிலடிப்பதை நிறுத்திவிட்டு எழுதிக்கொள்ள ஆரம்பித்தார்கள். ஒரு ஆட்டக்காரி ஒரே நாளில் நான்கு முறையும் அடிக்க எத்தனை வாய்ப்பு என்பதற்கு உச்ச எண் என்று பெயர் வந்தது. தொடர்ந்து இரண்டு வருஷம் உச்ச எண் இல்லாதவளுக்கு அடுத்த வருஷப் பட்டியலில் இடமில்லை. ஆலங்குளம் பக்கம் ஒரு கல்யாணத் தரகர் ஜாதகத்தோடு அதையும் வாங்கிக்கொண்டு போனதாகக் கேள்வி.

இசக்கியின் பெயருக்கு நேரே அந்தக் கட்டத்தில் இரண்டு வருஷமாக ‘இல்லை’தான். முப்பத்தொரு வயது. பட்டியல் இன்றோடு மூடுகிறது. நாளையிலிருந்து அவள் கூரியர் ஆபீசில் முழுநேரமும் பார்சல் தூக்கலாம். இது பெஞ்சில் எல்லோருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

இதற்கு முன்னால் அதே கட்டத்தில் அதே ‘இல்லை’யோடு இருந்தவள் ஜெபராணி. சாயர்புரத்துப் பெண், துள்ளிக்கொண்டே நடப்பாள். இரண்டு வருஷம் முன்பு ஒரு நாள் மெஹரிடம் வந்து கேட்டாள். “அக்கா, ஒரு ஆட்டத்துல நாலு ஹிட்டு எனக்கு இல்லைன்னு போட்டிருக்கே. இல்லைன்னா இல்லையேதானா?”

“சோழி சொன்னா சரியாத்தாம் இருக்கும்,” என்று மெஹர் சொன்னாள். டேப்பிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னாள் என்பதுதான் இன்றுவரை அவளை அறுக்கிறது. ஜெபராணி மறுவாரம் வரவில்லை. தூத்துக்குடியில் மீன் பதப்படுத்தும் கம்பெனியில் இறால் உரிக்கிறாள் என்று பிறகு தெரிந்தது.

ஜெபராணி போனதும் எட்டாமிடம் காலியானது.

பேஸ்பாலில் ஒன்பது பேர் வரிசையாக மட்டை பிடிப்பார்கள், ஒன்பதாமவள் முடித்தால் மறுபடி முதலாமவள். நல்ல ஆட்டமென்றால் ஒவ்வொருத்திக்கும் நான்கு முறை வரும். இந்த ஒன்பதில் எட்டு என்று ஒன்று இருப்பதை உலகத்தில் யாரும் பெரிதாக நினைப்பதில்லை. நம் ஊர்க்காரர்கள் நினைத்தார்கள். எட்டு சனியின் எண். எட்டாம் தேதி கடை திறக்காதவர்கள், வண்டி நம்பரைக் கூட்டினால் எட்டு வருகிறதென்று ஆர்.டி.ஓ. ஆபீசில் கெஞ்சுகிறவர்கள், எட்டாமிடத்தில் நல்ல ஆட்டக்காரியை நிறுத்துவார்களா? லீக்கின் ஆறு அணிகளிலும் அந்த இடம் இளிச்சவாயிக்குத்தான்.

போதாததற்கு ஒரு சடங்கும் சேர்ந்துகொண்டது. இரண்டாம் வருஷம் சேலம் அணி, எட்டாமிடத்துக்காரி இரண்டு முறை மட்டை பிடித்ததும் அவளை உட்கார வைத்துவிட்டு வேறொருத்தியை இறக்கியது. அந்த வருஷம் கோப்பை சேலத்துக்கு. அவ்வளவுதான், ஆறு அணிகளும் அதையே பிடித்துக்கொண்டன. திருஷ்டி கழிப்பது மாதிரி இதற்கு எட்டைக் கழிப்பது என்று பெயர். நடுவில் வருகிறவளைச் சனிக்கு அடையாளம் தெரியாதாம்.

நெல்லை அணியின் பயிற்சியாளர் ஞானதுரை மாஸ்டர் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய் முன்வரிசையில் உட்காருகிற கிறிஸ்தவர். வேதத்தில் எட்டைப் பற்றி ஒன்றுமில்லை என்று அவருக்குத் தெரியும். “இருந்தாலும் எதுக்கு வம்பு?” என்பார். மெஹருக்கு எட்டும் ஒன்றுதான் ஏழும் ஒன்றுதான், மேலப்பாளையத்தில் அவள் வீட்டுக் கதவு எண்ணே எட்டு. ஆனால் வாங்குகிற சம்பளத்துக்கு வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

ஜெபராணி போன பிறகு எட்டாமிடம் யாருக்கு என்று மாஸ்டர் கேட்டபோது அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். சீட்டுக் குலுக்கலாம் என்றுகூட ஒருத்தி சொன்னாள். இசக்கிதான் கையைத் தூக்கினாள். “எனக்குக் குடுங்க மாஸ்டர். நான் பொறந்ததே எட்டாந்தேதி. சனியன் எனக்குச் சித்தப்பா மாதிரி, ஒண்ணும் செய்ய மாட்டாரு.”

எல்லோரும் சிரித்தார்கள், எல்லோருக்கும் அன்றைக்கு நிம்மதியான தூக்கம். அவள் இரண்டு வருஷமாக எட்டாமிடத்தில் நின்று, ஒவ்வொரு ஆட்டத்திலும் இரண்டு முறை அடித்துவிட்டு, கழிக்கப்பட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கை தட்டினாள். இன்றைக்கு முதல் இரண்டு முறையும் பந்து வேலி தாண்டியதால் மாஸ்டருக்குக் கழிக்க மனம் வரவில்லை. மூன்றாவதும் தாண்டியது.

இப்போது ஒன்பதாவது சுற்று, நெல்லையின் கடைசி வாய்ப்பு. எதிரே கோவை. ஐந்துக்கு ஐந்து. இந்தச் சுற்றில் இன்னும் ஒருத்தியும் அவுட்டாகவில்லை. மூன்றாம் தளத்தில் ஷோபனா நின்றுகொண்டிருந்தாள். அவள் அங்கிருந்து ஓடி வந்து மட்டை பிடிக்கும் இடத்துத் தட்டைத் தொட்டுவிட்டால் ஜெயம். ஏழாமவள் மட்டை பிடிக்கப் போனாள். அடுத்தது எட்டு.

மாஸ்டர் எழுந்தார். பலகையைப் பார்த்தார், வாட்சைப் பார்த்தார், வானத்தையும் பார்த்துக்கொண்டார். “ஏட்டி பிரேமா, மட்டைய எடு. எட்டக் கழிச்சிருவோம்.”

பிரேமலதா எழுந்தாள். அவளுக்கே முகம் செத்துப்போயிருந்தது. இசக்கி கையுறையின் பட்டையைப் பிரித்தாள். பிரித்தவள் பெஞ்சின் கடைசிக்கு வந்து மெஹருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அக்கா, பலகைல போட்டிருக்கது நெசந்தானா?”

“என்னையக் கேக்கப்பிடாதுட்டி. நான் சொல்லப்பிடாதுன்னு ஒனக்குத் தெரியும்லா.”

“நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம். நான் பேசுதேன், நீங்க கேளுங்க. காலைல பலகைல எம்பேருக்கு நேர மூணு ஹோம் ரன்னும் இல்லைன்னுதான் போட்டிருந்துச்சு. பாத்தியளா?”

மெஹர் பார்த்திருந்தாள்.

“மூணு அடிச்சிட்டேம்லா. இல்லைன்னு சொன்னதுல ஒண்ணு நடந்துட்டு. அப்பம் இன்னொண்ணு நடக்காதாக்கா?” கோபமே இல்லாமல் கேட்டாள். பஸ் வருமா வராதா என்று கேட்பது மாதிரி. “சும்மா கேட்டேன். பிரேமா நல்லா அடிப்பா.”

ஆனைக்கும் அடி சறுக்கும் என்று மெஹர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் இந்த ஆனை ஒன்பது வருஷமாகச் சறுக்கி அவள் பார்த்ததில்லை. நூற்றுக்கு ஒன்று என்று அது சொன்னது நடந்திருக்கிறது, லட்சத்துக்கு ஒன்றுகூட ஒருமுறை நடந்தது. ‘இல்லை’ என்றது இன்றைக்கு முன்னால் நடந்ததே கிடையாது. மனசு தானாகவே கணக்குப் போட்டது. இசக்கி இருபத்தைந்து முறை மட்டை பிடித்தால் ஒரு முறை வேலி தாண்டும். காலையில் நான்கு ஹோம் ரன் என்பது ஏறக்குறைய நாலு லட்சத்தில் ஒன்று, சரி. ஆனால் மூன்று அடித்தாகிவிட்டது. மிச்சம் ஒன்றே ஒன்று. அதற்கு இருபத்தைந்தில் ஒன்று. இருபத்தைந்தில் ஒன்று எப்படி ‘இல்லை’ ஆகும்?

இன்ஜினியர்கள் பார்க்கும் பக்கத்தைத் திறந்தாள். திறக்க அவளுக்கு அனுமதி உண்டு, அவசியம்தான் இதுவரை வந்ததில்லை. அங்கே எல்லாம் இங்கிலீஷில் இருந்தது. எட்டாமிடம், தொடக்கத்திலிருந்து ஆடுகிறவள், நான்காவது முறை: இதுவரை பார்த்தது எத்தனை? சோழி வந்த ஒன்பது வருஷம், ஆறு அணிகள், எத்தனையோ ஆயிரம் ஆட்டங்கள். ஒன்றுகூட இல்லை. மூன்றாவது முறை என்ற கட்டத்தில் காலைவரை ஒன்றும் இல்லாமல், இப்போது ஒன்று இருந்தது. அது இசக்கியுடையது.

அதற்குப் பக்கத்தில் சோழி இரண்டே சொற்களில் தன் பதிலை எழுதியிருந்தது. தமிழில் சொன்னால், ‘தகவல் இல்லை’.

மெஹர் அதை இன்னொரு முறை படித்தாள். அதைப் பலகைக்காகத் தமிழில் சொன்னவள் அவள்தான்.

ஒன்பது வருஷம் முன்பு, வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். பலகையில் வரும் முந்நூற்று நாற்பது சொற்களையும் தமிழாக்கச் சொன்னார்கள். ஒரே நாளில் வேண்டும், எதுவும் ஐந்து எழுத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் பலகையில் இடிக்கும். மதியச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு மளமளவென்று எழுதிக்கொண்டு போனாள். ‘தகவல் இல்லை’ ஏழு எழுத்து. தகவலை வெட்டினாள். இல்லை நின்றது. வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று எழுதிய மூன்று எழுத்து. பிறகு அதை அவளே மறந்து, ஊரோடு சேர்ந்து அவளும் அதைத் தீர்ப்பாகப் படிக்க ஆரம்பித்துவிட்டாள்.

சோழி ஒரு நாளும் முடியாது என்று சொல்லவில்லை. எனக்குத் தெரியாது என்று ஒன்பது வருஷமாக ஒழுங்காகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

மைதானத்தில் ஏழாமவள் காற்றை அடித்துவிட்டு அவுட்டாகித் திரும்பினாள். பிரேமலதா தலைக்கவசத்தை மாட்டினாள்.

“மாஸ்டர்!” மெஹர் எழுந்துவிட்டாள். பெஞ்சே திரும்பிப் பார்த்தது. ஒன்பது வருஷத்தில் அந்தக் கடைசி இடத்திலிருந்து சத்தம் வந்ததில்லை.

காதில் செருகியிருந்த கருவியில் சென்னை ஆபீஸ் மேலதிகாரி வைத்தீஸ்வரனின் குரல் பதறியது. “மெஹருன்னிசா, என்ன பண்றீங்க? ஆட்டம் நடக்கும்போது பெஞ்ச்ல பேசக் கூடாது. உக்காருங்க. இது ரூல்…”

அவள் அந்தக் கருவியைக் காதிலிருந்து கழற்றிக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். உள்ளே கொசு மாதிரி கொஞ்ச நேரம் முனகியது.

“மாஸ்டர், இசக்கிய உக்கார வைக்காதிய. அவளே ஆடட்டும்.”

“ஏம்மா, ஒனக்கென்ன கிறுக்கா? பலகையப் பாத்தியா? இல்லைன்னுல்லா போட்டிருக்கு.”

“அது சோழி சொன்னது இல்ல மாஸ்டர். நான் சொன்னது.” டேப்பை அவர் பக்கம் திருப்பினாள். “தகவல் இல்லைன்னு அது சொல்லிச்சு. எடம் பத்தலன்னு நான்தான் தகவல வெட்டிட்டேன். எட்டாமிடத்துல நிக்கவ நாலாவது தடவ அடிச்சு அது பாத்ததே கெடையாது. அதனால தெரியலங்கு. அவ்ளதான்.”

மாஸ்டர் புரியாமல் விழித்தார். “ஒம்பது வருசத்துல ஒருத்தி கூடவா நாலாவது தடவ ஆடல?”

“எப்படி ஆடுவா? ரெண்டாவதுலயே நாமதான் கழிச்சிருதோம்லா. எல்லாரும் கழிச்சுக் கழிச்சு, அந்தக் கட்டத்துல ஒண்ணுமே மிச்சம் இல்ல. கேக்காமலே இருந்துட்டு, பதில் இல்லைங்கோம்.”

நடுவர் இந்தப் பக்கம் பார்த்துக் கையைக் காட்டினார். சீக்கிரம் வா என்று அர்த்தம்.

ஞானதுரை தாடையைத் தேய்த்துக்கொண்டார். சோழிக்கு எதிராகப் போய்த் தோற்றால் பயிற்சியாளர் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது கிளப்பின் சட்டம். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது, வேறு தொழில் தெரியாது. “அப்பம் அவளுக்கு எத்தனன்னு நீ சொல்லு. ஒரு நம்பரு சொல்லு.”

“ஹோம் ரன்னுக்கு இருபத்தஞ்சுல ஒண்ணு. அதுவும் எம்மனக்கணக்குதான்.”

“அது ரொம்பக் கம்மில்லா?”

“கம்மிதான் மாஸ்டர். ஆனா கம்மி வேற, இல்லை வேற.”

மாஸ்டர் அவளைப் பார்த்தார். பிறகு, கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த இசக்கியைப் பார்த்தார். இரண்டு வருஷமாக யார் யாருக்கோ வர வேண்டிய சனியைத் தன் கணக்கில் வாங்கிக்கொண்டவள். அவளைப் போய் உட்கார் என்று நூறு தடவை சொல்லியிருக்கிறார். ஒரு தடவைகூட அவள் ஏன் என்று கேட்டதில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. கண்ணை ஒரு நொடி மூடித் திறந்தார். ஜெபித்தாரா, வேலைக்குக் கும்பிடு போட்டு விடை கொடுத்தாரா தெரியாது.

“பிரேமா, நீ இரு. ஏட்டி இசக்கி, போ. ஓஞ்சித்தப்பா மேல பாரத்தப் போட்டு அடி.”

பிரேமலதா தலைக்கவசத்தைக் கழற்றி இசக்கியின் தலையில் தானே மாட்டிவிட்டாள். அவ்வளவு நேரம் கண் பட்டுவிடும் என்று பேசாமலிருந்த பெஞ்ச் முழுவதும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தது.

முதல் பந்தை இசக்கி விட்டாள். இரண்டாவதை அடிக்கப் போய்த் தவறவிட்டாள். மூன்றாவது கொஞ்சம் உயரமாக, உடம்பை விட்டு விலகி வந்தது. மட்டையில் பட்ட சத்தத்தைக் கேட்டதுமே கூட்டம் எழுந்துவிட்டது. பந்து மேலே போனது, மேலே போய்க்கொண்டே இருந்தது. இறக்கிய போன்களையெல்லாம் மறுபடி தூக்கினார்கள். மெஹர் கத்தினாள். நிபந்தனை, கம்பெனி, எல்லாவற்றையும் மறந்து, மேலப்பாளையம் வரை கேட்கும்படி, “போ! போ! போயிரு!” என்று கத்தினாள்.

கோவையின் வெளிக்களக்காரி வேலிவரை பின்னாலேயே ஓடினாள். ஓடி, முதுகு வேலியில் மோத எம்பி, கையை வேலிக்கு மேலே நீட்டினாள். அவளுடைய கையுறையின் நுனிக்குப் பந்து எட்டியது. ஒரு சாண் உயரமாகப் போயிருந்தால் எட்டியிருக்காது.

மைதானம் முழுவதும் ஒரு பெருமூச்சு இறங்கியது. இசக்கி அவுட்.

ஆனால் மூன்று பேர் அவுட்டானால்தான் சுற்று முடியும், இசக்கி இரண்டாமவள்தான். பேஸ்பாலில் இன்னொரு விதியும் உண்டு. பந்து பிடிபட்டால் அடித்தவள்தான் அவுட். தளத்தில் நிற்கிறவள் பந்து பிடிபட்ட பிறகு ஓடலாம். ஷோபனா பந்து பிடிபடும்வரை மூன்றாம் தளத்தில் ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு காத்திருந்தாள். பிடிபட்டதும் ஓடினாள். வேலியோரத்திலிருந்து பந்து திரும்பி வருவதற்குள் தட்டைத் தொட்டு, அதைத் தாண்டி ஓடி, நிற்கத் தெரியாமல் நடுவர் மேலேயே மோதினாள்.

ஆறுக்கு ஐந்து. நெல்லை ஜெயித்துவிட்டது.

அடுத்த ஐந்து நிமிஷம் என்ன நடந்தது என்று மெஹருக்குச் சரியாக ஞாபகமில்லை. யாரோ அவளைத் தூக்கினார்கள், அவளும் யாரையோ தூக்கினாள். மாஸ்டர் பெஞ்சில் உட்கார்ந்து, வியர்வையைத் துடைக்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சத்தம் அடங்கியபோது இசக்கி அவள் பக்கத்தில் நின்றுகொண்டு பலகையைக் காட்டினாள்.

“அக்கா, அங்கன பாருங்க.”

பலகையில் ‘இல்லை’ போயிருந்தது. அந்த இடத்தில், ‘இசக்கி, நான்காவது ஹோம் ரன்: 1-ல் 0’ என்று இருந்தது.

“சைபரு,” என்றாள் மெஹர். அவளுக்கு அழுகை வந்தது. “ஒரு சாண்டி. ஒரே ஒரு சாண்.”

“எதுக்கு அழுதிய?” இசக்கி பல் தெரியச் சிரித்தாள். “அது நான் அடிச்சு வாங்கின சைபருக்கா. இத்தன நாளா அடுத்தவங்க எழுதி வச்சதுதான் எம்பேருக்கு நேர இருந்துச்சு. இப்பம்தான் எனக்குன்னு ஒண்ணு இருக்கு.”

மாஸ்டர் பட்டியலோடு வந்தார். உச்ச எண் என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்றிருப்பவர்களுக்குத்தான் இடமில்லை என்று சட்டம். இசக்கிக்கு நேரே இப்போது ஒரு எண் இருக்கிறது, சைபரும் எண்தானே என்று அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விளக்கினார். “எவன் வந்து கேக்கான்னு பாக்கேன்,” என்று சொல்லிவிட்டுப் பேனாவை அழுத்திக் கையெழுத்துப் போட்டார். இசக்கி கூரியர் ஆபீசுக்கு முழுநேரமும் போக வேண்டியதில்லை, இன்னும் ஒரு வருஷத்துக்காவது.

கைப்பைக்குள் முனகல் இன்னும் ஓயவில்லை. மெஹர் கருவியை எடுத்துக் காதில் வைத்தாள். நாளையிலிருந்து அவள் வர வேண்டாம் என்று வைத்தீஸ்வரன் சொன்னார். கம்பெனியிடம் கேட்காமல் பலகையின் சொல்லைப் பற்றி வெளியே பேசியது பெரிய தவறாம்.

“சரி சார்,” என்றாள். “டேப்ப நாளைக்குத் தந்துருதேன். இன்னைக்கு ஒரு நாள் வேலை பாக்கி இருக்கு.”

எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளப் போனார்கள். வெயில் தாழ்ந்து, தட்டுக்குப் பக்கத்தில் ஷோபனா ஓடி வந்த தடம் நீளமாகத் தெரிந்தது. மெஹர் பெஞ்சில் உட்கார்ந்து இன்ஜினியர் பக்கத்தை மறுபடி திறந்தாள். லீக் முழுவதிலும் ‘இல்லை’ என்று எழுதப்பட்டு வெளியே போனவர்கள் எத்தனை பேர் என்று கேட்டாள். சோழி ஒரு பட்டியலைத் தந்தது. எழுபத்திரண்டு பெயர்கள். சில பெயர்களுக்கு முகம்கூட ஞாபகம் வந்தது. எழுபத்திரண்டிலும் ஒன்றுகூட நிஜமான ‘இல்லை’ இல்லை, எல்லாம் கேட்காமல் விட்ட கேள்விகள்.

எட்டாவது பெயர் ஜெபராணி. மெஹர் அங்கிருந்தே ஆரம்பித்தாள்.

போன் மணி ஐந்தாறு முறை அடித்த பிறகு ஜெபராணி எடுத்தாள். பின்னால் இயந்திரச் சத்தமும் தண்ணீர் கொட்டும் சத்தமும் கேட்டன. “யாரு?”

“ஜெபா, நான் மெஹரக்கா பேசுதேன். நெல்லை டீமுல, பெஞ்சுல இருப்பேம்லா.”

ஜெபராணி போனை வைத்துவிடவில்லை.

மெஹர் சொன்னாள். வெட்டிய நான்கு எழுத்தை, மிஞ்சிய மூன்று எழுத்தை, கழித்த எட்டை, இன்றைக்கு ஒரு சாணில் போன பந்தை, எல்லாவற்றையும் சொன்னாள். “அன்னைக்கு நீ வந்து கேட்டப்பம் நான் தலைய நிமிந்து பாத்திருக்கணும். பாக்கல. தப்பு என்னுதுதான். மன்னிச்சிருட்டி.”

தண்ணீர்ச் சத்தம் நின்றது. எங்கோ தள்ளி வந்து நின்றுகொண்டிருக்கிறாள் போல.

“ரெண்டு வருசமா ஐஸ்ல கை வச்சு வெரலெல்லாம் மரத்துக் கெடக்குக்கா,” என்றாள் ஜெபராணி கடைசியில். “இனிம எனக்கு முடியுமா?”

ஒன்பது வருஷமாக எந்தக் கேள்விக்கும் மெஹரிடம் ஒரு பதில் இருந்தது. நூற்றுக்கு இத்தனை, லட்சத்துக்கு இத்தனை, இல்லாவிட்டால் இல்லை. பழக்கத்தில் கண் டேப்பின் பக்கம் போனது. அதைக் கவிழ்த்து பெஞ்சில் வைத்தாள்.

“தெரியாது ஜெபா,” என்றாள்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தமும், அதோடு ஒரு சிரிப்பும் கேட்டன.

“அப்பம் வாரேன்க்கா.”